பருப்பு வேகாத தண்ணீர், 3 அடி தொட்டி: எந்த சிக்லிட் வளர்க்கலாம்?

பல்லடத்தான்:

வணக்கமுங்க. எட்டு வருடமாக வீட்டில் மோலி, கப்பி, கோல்ட்ஃபிஷ் என்று வளர்த்து வருகிறேன். இப்போது ஹாலுக்கு ஒரு புதுத் தொட்டி கட்டி வாங்கியிருக்கிறேன். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இதில் சிக்லிட் குடும்பத்து மீன்கள் மட்டும்தான் விட வேண்டும் என்பது பல நாள் ஆசை.

கடைக்குப் போனால் ஒரே தொட்டியில் நீலம், மஞ்சள், ஆரஞ்சு என்று ஒன்றரை இன்ச் குட்டிகள் கூட்டமாக நீந்துகின்றன. "ஆப்பிரிக்கன் மிக்ஸ்ங்க, எதை வேணும்னாலும் எடுத்துக்கங்க, எல்லாம் ஒண்ணாவே இருக்கும்" என்றார்கள். பக்கத்துத் தொட்டியில் ஆஸ்கார் குட்டிகள். என் மகள் கண்ணாடியில் விரலை வைத்தால் அவை வந்து அவள் முகத்தைப் பார்க்கின்றன. அவளுக்கு அதுதான் வேண்டுமாம். எனக்கு ராம், ஏஞ்சல் மீதும் ஒரு கண்.

போர் தண்ணீர் எந்நேரமும் இருக்கிறது. குடிக்கிற நல்லதண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம் வரும். என்ன மீன் வாங்குவது, எத்தனை வாங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கரூர் வெயில்:

ஆஸ்கார் வேண்டாமுங்க. பாப்பாவிடம் நானே வந்து சொல்லத் தயார்.

நான் இதே 3 அடி தொட்டியில் இரண்டு ஆஸ்கார் விட்டேன். வாங்கும்போது இரண்டு இன்ச். முதல் சில மாதங்களில் மாதத்துக்கு ஒரு இன்ச் கணக்கில் வளர்ந்தன. ஒரு வருடத்தில் பெரியது 10 இன்ச்சைத் தொட்டது. அது திரும்பும்போது வால் பின் கண்ணாடியில் உரசும். உரசி உரசி வால் நுனி வெள்ளையாகிவிட்டது. சாப்பாடு போட வந்தால் நாய்க்குட்டி மாதிரி ஓடி வரும், ஆனால் ஓட இடம் இல்லை. முழு வளர்ச்சியில் ஒரு அடி வளர்கிற மீனுக்கு ஒன்றரை அடி அகலம் எப்படிப் போதும்? கடைசியில் பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் இரண்டையும் கொடுத்தேன். கொடுத்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரே ஒரு மீன் போதும், அது ஆளைப் பார்த்துப் பழக வேண்டும் என்றால் ஃபிளவர்ஹார்ன் இருக்கிறது. அது எந்த ஆற்றிலும் பிறந்த மீன் அல்ல, 1990-களில் மலேசியாவில் பல சிக்லிட்களைக் கலந்து உண்டாக்கியது. தனியாக மட்டுமே வாழும். கூட எதைப் போட்டாலும் கடித்துவிடும்.

சிறுவாணிக்காரன்:

பல்லடத்தான் அண்ணா, நான் ராம் கட்சி. உங்கள் தொட்டியில் கணக்குப்படி 190 லிட்டர் பிடிக்கும். மணல், கல் போக 160, 170 நிற்கும். இரண்டு ஜோடி ராம், நடுவில் ஒரு ஜோடி ஏஞ்சல், கீழே கொஞ்சம் கோரிடோராஸ் கெளுத்தி, பின்னால் செடி. மாலையில் விளக்கைப் போட்டால் ஹாலில் டிவியே வேண்டாம்.

ராம் ஆண் துடுப்பை விரித்து நிற்கும்போது முகத்தில் மஞ்சள், உடம்பில் பொடி நீலப் புள்ளி, கண்ணுக்குக் குறுக்கே ஒரு கருப்புக் கோடு. இரண்டு இன்ச் மீனில் இவ்வளவா என்று தோன்றும். சூடு மட்டும் முக்கியம், 27 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. மார்கழியில் ஹீட்டர் கட்டாயம். தண்ணீர் மென்மையாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சிறுவாணிக் குழாயில் டிடிஎஸ் பேனாவை (கரைந்த உப்பை அளப்பது) வைத்தால் இரண்டு இலக்கம்தான் காட்டும், அதனால் எனக்குக் கவலை இல்லை. நீங்கள் போர் தண்ணீரை விட்டுவிட்டு அந்த நல்லதண்ணீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்துங்கள்.

காலிங்கராயன்கரை:

தம்பி சிறுவாணிக்காரன் சொன்ன மீன் நல்ல மீன்தான். ஆனால் வாரம் ஒரு மணி நேரம் வருகிற குடிதண்ணீரை நம்பித் தொட்டி வைக்கச் சொல்வது சரியில்லை. சிக்லிட் நிறையத் தின்று நிறையக் கழிக்கும். வாரம் 30 சதவீதமாவது தண்ணீர் மாற்ற வேண்டும். இந்தத் தொட்டிக்கு அது 50 லிட்டருக்கு மேல். நான்கு குடம் குடிதண்ணீரை வாராவாரம் மீனுக்கு ஊற்றினால் வீட்டில் சமையலுக்கு என்ன செய்வார்கள்? ஒரு வாரம் தண்ணீர் வராமல் போனால் மீனுக்கு என்ன செய்வீர்கள்?

பல்லடத்தான், உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகுமா? வாளியில் வெள்ளையாக உப்புப் படிகிறதா? சோப்பு நுரைக்கிறதா? இன்னொன்று நீங்களே எழுதிவிட்டீர்கள், எட்டு வருடமாக மோலியும் கப்பியும் நன்றாக இருக்கின்றன என்று. அவை இரண்டும் சுண்ணாம்புச் சத்துள்ள கெட்டித் தண்ணீரில்தான் கொழுக்கும். ஆக, உங்கள் தண்ணீர் எந்த மீனுக்கு என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறது.

நான் ஈரோட்டில் 14 வருடமாக மலாவி மீன் வளர்க்கிறேன். ஆரம்பத்தில் நானும் ராம் வாங்கி, எங்கள் போர் தண்ணீரில் மூன்று முறை இழந்தேன். பிறகுதான் தண்ணீரை மீனுக்காக மாற்றுவதை விட்டுவிட்டு, தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேடினேன்.

ஆப்பிரிக்காவில் மலாவி ஏரி என்று ஒன்று, மலாவி, மொசாம்பிக், தான்சானியா மூன்று நாடுகளுக்கு நடுவில். அதன் தண்ணீர் காரத்தன்மை கொண்டது, பிஹெச் ஏறக்குறைய 7.7 முதல் 8.6 வரை. பாறை இடுக்கில் வாழும் சிக்லிட்களை அங்கே ம்புனா என்பார்கள். கடையில் நீங்கள் பார்த்த "ஆப்பிரிக்கன் மிக்ஸ்" பெரும்பாலும் இவைதான்.

ஒரு தகவல். நம் குளத்திலும் அணையிலும் கிடைக்கிற ஜிலேபி இருக்கிறதே, அதுவும் சிக்லிட் குடும்பம்தான். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், இப்போது அது இல்லாத குளம் இல்லை. ஜிலேபித் தாய் முட்டையை வாயில் வைத்துக் காப்பதைப் போலவே மலாவி மீன்களும் காக்கும். அதனால்தான் எப்போதும் சொல்கிறேன், வேண்டாத மீனை யாரும் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள்.

முதலில் தண்ணீரைச் சோதித்துவிட்டு வாருங்கள். டிடிஎஸ் பேனா மட்டும் போதாது. அது மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. ஜிஹெச் (சுண்ணாம்பு, மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை), கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை), பிஹெச், நைட்ரேட் நான்கும் வேண்டும். சொட்டு மருந்து கிட் வாங்கினால் பல மாதம் வரும்.

ஆழியாறு அம்மிணி:

பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குத் தண்ணீர் நடுத்தரம், ரொம்பக் கெட்டியும் இல்லை, ரொம்ப மென்மையும் இல்லை. நான் வைத்திருப்பது கிரிபென்சிஸ். மேற்கு ஆப்பிரிக்க ஆற்று மீன். ஆணைவிடப் பெண்தான் அழகு, முட்டை போடும் சமயத்தில் வயிறு செர்ரிப் பழம் போல் சிவக்கும். கொட்டாங்குச்சியில் ஓரமாக வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தேன், இரண்டாம் வாரமே ஜோடி உள்ளே குடிபோய்விட்டது. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அம்மா முன்னால், அப்பா பின்னால் போவதைப் பார்க்கவே என் மாமியார் நாற்காலியைத் தொட்டி முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவார்.

ஏஞ்சல் பற்றி ஒரு வார்த்தை. சென்னை கொளத்தூர்ப் பக்கம் வளர்த்து அனுப்புகிற ஏஞ்சல்கள் ஓரளவு கெட்டித் தண்ணீரையும் தாங்கும். முட்டை பொரிப்பதில்தான் சிரமம். ராம் அப்படித் தாங்காது.

கான்விக்ட் என்கிற சிக்லிட்டை மட்டும் மற்ற மீன்களோடு விட்டுவிடாதீர்கள். விலை குறைவு, சாகவே சாகாது என்று கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு ஜோடி சேர்ந்த மறுநாள் காலையில் மற்ற ஒன்பது மீனும் தொட்டியின் ஒரு மூலையில் மேலே ஒட்டிக்கொண்டு நின்றன, துடுப்பெல்லாம் கிழிந்திருந்தது. முக்கால் தொட்டி கான்விக்ட் இரண்டுக்கு. அது கெட்ட மீன் அல்ல, நல்ல பெற்றோர். அவ்வளவுதான். அந்த ஜோடிக்கென்று ஒரு தனித் தொட்டி இருந்தால் வளர்க்கலாம்.

பல்லடத்தான்:

எல்லோருக்கும் நன்றிங்க. அண்ணா கேட்ட கேள்விக்குப் பதில்: பருப்பு வேகாது. வாளி, பக்கெட், ஷவர் எல்லாம் வெள்ளை படிந்திருக்கிறது.

கிட் வாங்கிச் சோதித்தேன். டிடிஎஸ் 940. ஜிஹெச் 20, கேஹெச் 13, பிஹெச் 8. நைட்ரேட் 40 காட்டுகிறது, மீன் விடாத வெறும் குழாய்த் தண்ணீரிலேயே. இது சரியா?

ஆஸ்கார் வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். கரூர் அண்ணா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். வால் உரசிய இடத்தில் "போதும்ப்பா" என்றாள்.

கோபி வயல்:

உங்கள் எண்களைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தயவுசெய்து இதே மாதிரி கெட்டித் தண்ணீருள்ள, ஆப்பிரிக்காவின் டாங்கன்யிகா ஏரியின் சங்கு சிக்லிட்களையும் ஒரு முறை யோசியுங்கள். மல்டி என்று கூப்பிடுவோம். சிக்லிட் குடும்பத்திலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. ஆண் ஒன்றரை இன்ச் சுமார், பெண் இன்னும் சின்னது. காலியான நத்தை ஓட்டுக்குள் வாழும், அதற்குள்ளேயே முட்டையிடும்.

எங்கள் ஊரில் ஓட்டுக்குப் பஞ்சமா? அறுப்பு முடிந்த வயலில் வரப்போரம் காலி நத்தை ஓடு கிடக்கும். ஒரு பை பொறுக்கி வந்து, நன்றாகக் கொதிக்க வைத்து, உள்ளே ஏதும் ஒட்டியிருந்தால் அலசி எடுத்துவிட்டு, 30 ஓடு போட்டேன். பூச்சி மருந்து அடித்த வயலில் எடுக்காதீர்கள்.

ஆறு மீன் விட்டேன். முதல் நாள் ஒன்றுமே கண்ணில் படவில்லை. இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் நான் பரப்பிய மணல் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. ஒரு பெண் மீன் வாய் நிறைய மணலை அள்ளி, ஒரு சாண் தள்ளிப் போய்த் துப்பிவிட்டுத் திரும்பி வருகிறது. மறுபடி அள்ளுகிறது. ஓட்டின் வாய் மட்டும் மேலே தெரிகிற அளவுக்கு ஓட்டையே மணலில் புதைத்துவிட்டது. பிறகு வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டைப் பார்த்து முறைக்கிறது. அந்த மீன் என் சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. குஞ்சு பொரித்த பின் ஓட்டு வாயில் கண் மட்டும் தெரியும், கடுகு மாதிரி. பெரிய குஞ்சு, சின்னக் குஞ்சு எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கும், துரத்தாது.

உங்கள் 3 அடிக்கு எட்டு மல்டியில் தொடங்கினால் ஒரு வருடத்தில் ஊரே உண்டாகிவிடும். எம்-சாண்ட் மட்டும் வேண்டாம், முனை கூர்மை, வாயில் அள்ளுகிற மீனுக்கு ஆகாது. பொடி மணல் இரண்டு இன்ச்சாவது வேண்டும்.

பல்லடத்தான்:

கோபி அண்ணா எழுதியதைப் படித்ததிலிருந்து குழம்பிவிட்டேன். ஆனால் ஹாலுக்கு வருகிறவர்கள் தூரத்திலிருந்தே பார்க்கிற மாதிரி நிறம் வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். மல்டியை என் பழைய 2 அடி தொட்டியில் வைக்கலாமா? பெரிய தொட்டிக்கு மலாவி என்று முடிவு செய்தால் எதை எடுப்பது? அப்புறம் எங்கள் பக்கம் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்குக் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது. அதற்கு என்ன வழி?

கோபி வயல்:

2 அடி தாராளம். மல்டிக்கு அதுவே பெரிய நிலம்.

காலிங்கராயன்கரை:

சரி, பெரிய தொட்டிக்கு வருவோம்.

கடையின் மிக்ஸ் தொட்டியில் கை வைக்காதீர்கள். அதில் கண்ணைப் பறிக்கிற மாதிரி மஞ்சளில் கருப்புக் கோடு போட்ட குட்டி இருக்கும், அது ஆராட்டஸ். குட்டியில் அதைவிட அழகு கிடையாது. வளர்ந்தால் ஆண் கருத்துப்போய், 3 அடி தொட்டியில் தன்னைத் தவிர யாரையும் வாழ விடாது. வெளிர் நீலத்தில் கோடு போட்ட கென்யியும் அப்படித்தான். குட்டியில் எல்லாம் நீலம், வளர்ந்ததும் ஆண் மஞ்சளாகும், கூடவே குணமும் மாறும். டெமசோனி அழகுதான், ஆனால் 12-க்குக் குறையாமல் கூட்டமாக விட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று தீர்த்துவிடும். முதல் தடவைக்கு வேண்டாம்.

நான் சொல்வது இரண்டே இனம். எலக்ட்ரிக் யெல்லோ ஆறு, ரஸ்டி ஆறு. ம்புனாவில் சாதுவானவை இவை. இரண்டுமே 4 இன்ச்சோடு நின்றுவிடும். யெல்லோ எலுமிச்சை மஞ்சள், மேல் துடுப்பில் மையால் கோடு இழுத்த மாதிரி கருப்பு. ரஸ்டி பெயருக்கேற்ற துருச் சிவப்பில் ஊதா மினுங்கும். ஹால் வாசலிலிருந்தே தெரியும். ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்பது நல்ல கணக்கு. குட்டியில் ஆண் பெண் தெரியாது என்பதால் ஆறு ஆறாக வாங்கி, வளர்ந்த பின் அதிகப்படி ஆணைத் திருப்பிக் கொடுங்கள். 12 மீனையும் ஒரே நாளில் விடுங்கள். முதலில் வந்தது தொட்டி முழுக்கத் தன் இடம் என்று பிடித்துக்கொள்ளும்.

இப்போது கல். நம் வீட்டு அலமாரிக்குப் போடுகிற கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை, கெட்டித் தண்ணீர் மீனுக்குப் பொருத்தம். கட்டட வேலை நடக்கிற இடத்தில் உடைந்த துண்டு கேட்டால் கொடுப்பார்கள். கூர் முனையை உரைத்துவிடுங்கள். பாலிஷ் போட்டது, எண்ணெய் தேய்த்தது வேண்டாம். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல். கல்லை முதலில் அடிக் கண்ணாடி மேலேயே ஆட்டம் இல்லாமல் அடுக்கி, அதற்குப் பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் கல்லை வைத்தால் மீன் அடியில் தோண்டி, ஒரு நாள் ராத்திரி கல் சரிந்து கண்ணாடியில் அடிக்கும். இடுக்கு நிறைய வேண்டும், ஒரு மீனை இன்னொன்று துரத்தினால் நுழைய ஒரு ஓட்டை எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அவசரம் மட்டும் வேண்டாம். மீன் கழிவிலிருந்து வருகிற அமோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்குகிற பாக்டீரியா ஃபில்டரில் வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உங்களுக்கு இது கூடுதல் முக்கியம். பிஹெச் 7-இல் இருப்பதைவிட 8-இல் அமோனியாவின் விஷம் ஏறக்குறைய 10 மடங்கு. சிறுவாணித் தண்ணீரில் தப்பிக்கிற தவறு உங்கள் தண்ணீரில் தப்பிக்காது. நல்ல காலம், உங்களிடம் ஓடுகிற மோலி தொட்டி இருக்கிறது. அதன் ஸ்பாஞ்சைக் கழுவாமல் அப்படியே புதுத் தொட்டியில் போட்டு ஓட்டுங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால்தான் மீன் வாங்கப் போக வேண்டும்.

கரண்ட்டுக்கு, பேட்டரி ஏர் மோட்டார் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மீனுக்குச் சாப்பாடு போட வேண்டாம்.

சாப்பாட்டிலும் ஒன்று. ம்புனா பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கிற கூட்டம். ஸ்பைருலினா பாசி கலந்த தீனி கொடுங்கள். ரத்தப்புழுவும் மாட்டு இதயமும் போட்டு வயிறு வீங்கிச் செத்த மீன்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிறுவாணிக்காரன்:

எண்களைப் பார்த்த பிறகு நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இந்தத் தண்ணீரில் ராம் விடக் கூடாது.

நைட்ரேட் பற்றி யாரும் சொல்லவில்லை. குழாயிலேயே 40 என்றால் சுற்றிலும் தோட்டம், உரம் இறங்கியிருக்கலாம். இதன் அர்த்தம், எவ்வளவு தண்ணீர் மாற்றினாலும் 40-க்குக் கீழே போகாது. மணிபிளான்ட் கொடியை நறுக்கி, வேர் மட்டும் தண்ணீரில், இலை வெளியே இருக்கும்படி தொட்டியின் பின் ஓரத்தில் தொங்க விடுங்கள். வேர் ஏற ஏற நைட்ரேட்டை உறிஞ்சும். மலாவி மீன் செடியைக் கடிக்கும், அதனால் வேரை ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் வையுங்கள்.

காலிங்கராயன்கரை:

சரியாகச் சொன்னார் தம்பி. டிடிஎஸ்ஸும் அப்படித்தான். மலாவி ஏரியிலேயே 200 பக்கம்தான் இருக்கும். உங்கள் 940-இல் சுண்ணாம்பும் மக்னீசியமும் போக மற்ற உப்பும் நிறைய இருக்கிறது. நம் ஊரில் பிறந்து வளர்ந்த மீன் இதைத் தாங்கும், ஆனால் மழை பெய்தால் மொட்டை மாடித் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து மூன்றில் ஒரு பங்கு கலந்தால் மீனுக்குச் சுகம். முதல் மழையைப் பிடிக்காதீர்கள், மாடித் தூசியெல்லாம் அதில்தான் வரும். கடையிலிருந்து வந்ததும் பையை அவிழ்த்துக் கொட்டிவிடாமல், ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக உங்கள் தண்ணீரை ஒன்றரை மணி நேரம் விட்டுப் பழக்குங்கள்.

பல்லடத்தான்:

ஏழு மாதம் கழித்து வருகிறேன். யெல்லோ ஆறு, ரஸ்டி ஆறு வாங்கினேன். ஒரு ரஸ்டி முதல் வாரத்தில் போய்விட்டது, மற்றவை நன்றாக இருக்கின்றன. மணிபிளான்ட் ஜன்னல் வரை ஏறிவிட்டது, நைட்ரேட் 20-க்கு வந்திருக்கிறது. 2 அடி தொட்டியில் மல்டி எட்டு. மோலிகளைத் தம்பி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது ஒரு சந்தேகம். நான்கு நாளாக ஒரு யெல்லோ தீனி எடுப்பதில்லை. கல் இடுக்கிலேயே நிற்கிறது. மகள்தான் கவனித்தாள், கீழ்த்தாடை பை மாதிரி தொங்குகிறது, வாயை மூடவே இல்லை, உள்ளே எதையோ மென்று மென்று புரட்டுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ தெரிகிறது. நோயா, இல்லை முட்டையா?

காலிங்கராயன்கரை:

முட்டைதான். பாப்பாவுக்கு என் வாழ்த்து. டார்ச் அடிக்காதீர்கள், பயந்தால் விழுங்கிவிடும். மூன்று வாரம் வைத்திருக்கும், அதுவரை பெரும்பாலும் பட்டினிதான், தீனி போட்டு ஆசை காட்ட வேண்டாம். தொட்டியிலேயே விட்டால் இரண்டு மூன்று குஞ்சு கல் இடுக்கில் பிழைக்கும். எல்லாம் வேண்டும் என்றால் 18-ஆம் நாள் வாக்கில், ராத்திரி விளக்கணைத்த பிறகு, அலுங்காமல் வலையில் எடுத்துத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். 10, 15 வரும். துப்பிய பிறகு தாய்க்கு நான்கு நாள் தனியாகத் தீனி கொடுத்துத் தேற்றிவிட்டுத்தான் திருப்பி விட வேண்டும். குஞ்சுக்கு ஸ்பைருலினா தீனியை விரலால் பொடித்துப் போட்டால் போதும்.

பல்லடத்தான்:

சரிங்க அண்ணா. காலண்டரில் மகள் 18-ஆம் நாளை வட்டமிட்டு வைத்துவிட்டாள்.